இலையிலிருந்து எழுப்பினேன்

சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவது பெரிய குற்றமில்லை, வக்கீல் சார். முந்நூறு பேருக்குச் சொல்லி நானூறு பேர் வந்து நின்றால் எல்லாக் கல்யாணத்திலும் செய்கிற காரியம்தான். என் தங்கை தனத்தின் கல்யாணத்திலும் செய்தோம். சாம்பார் ஊற்றும்போதே ஒரு பெரியவர் ரசம் பிரமாதம் என்றார். நானும் சந்தோஷம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

நீங்கள் சாம்பாரைப் பற்றிக் கேட்க வரவில்லை, தெரியும். டிரைவர் வில்பிரட்டுக்காக அப்பீல் போட்டிருக்கிறீர்கள். அவருடைய மனைவி ஹில்டா கடை வாசலில் வெயிலில் நிற்கிறார். உள்ளே வந்து ஃபேனடியில் உட்காரச் சொன்னேன், வரவில்லை. நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். அன்றைக்கு அந்த மனிதருக்குச் சாப்பாடு போட்டேனா, இல்லையா. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தனத்துக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அப்பா இல்லை. நிலத்தை மனை போட்டு விற்றதில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இந்த இரும்புச் சாமான் கடை வந்தது. கூடவே அவளைக் கரையேற்றுகிற பொறுப்பும் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்று போனது. எதனால் தெரியுமா? சாப்பாட்டினால்தான். நிச்சயத்தன்று மேளக்காரர்கள், போட்டோக்காரர், கார் டிரைவர் எல்லோரையும் பசியோடு இருக்கிறார்களே என்று நானே முதல் பந்தியில் உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் அத்தை வாசற்படியில் நின்று பார்த்தார். "மோளம் அடிக்கறவன் துன்னுட்டு எழுந்த எடத்துலதான் எங்களுக்கு எலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தட்டு மாற்றாமலே எழுந்து போய்விட்டார்கள்.

தனம் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயமிருந்திருக்காது. பத்து நாள் அவள் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அம்மா பின்னாலேயே போனாள். ராத்திரி கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை என் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் படித்தவர். ஒரு தங்கையை அப்படிக் காவல் காத்திருக்கிறீர்களா? காத்திருந்தால் மற்றதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அமைந்ததுதான் கேளம்பாக்கம் தட்சிணாமூர்த்தி வீட்டு சம்பந்தம். எண்பத்தொன்பது ஆவணி, வியாழக்கிழமை முகூர்த்தம், தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில். சூடு கண்ட பூனை நான். சமையல்காரர் சிட்டிபாபுவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். கூலிக்கு வந்தவர்கள் பதினாலு பேர். மாப்பிள்ளை வீட்டுக் கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் அவர்களுக்கு இலை.

"அண்ணா, ஒரு மூலையில பதினாலு எலை போட்டுட்டா வேல பாட்டுக்கு நடக்கும்ணா. வயிறு காஞ்சுகினு எவன்ணா நாயனம் ஊதுவான்?" என்றார் சிட்டிபாபு.

"சொன்னதைச் செய்" என்றேன். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் வில்பிரட்டுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் கேளம்பாக்கம் போய் வாசற்படி மிதிக்க வேண்டும். சீர்த்தட்டுகளும் பெரியவர்களும் ஏறிய வேன் அவர்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். வேன் வில்பிரட்டுடையது. அதிகாலை மூன்று மணிக்கே வண்டியெடுத்துக் கேளம்பாக்கம் போய் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்தவர். காலை டிபனுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அதனால் பதினொன்றேகாலுக்கு நானே போய், "வில்பிரட்டு, பத்து நிமிஷத்துல எலை போட்டுடுவோம், தயாரா இரு" என்று சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்து, சீட்டுக்கடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அதில் ஊசி. "சர்க்கரை வியாதி சார். சோறு எப்ப கெடைக்கும்னு தெரியாம காலைல ஊசியே போட்டுக்கல. போட்டுகினா அரை மணி நேரத்துல துன்னுடணும், இல்லாங்காட்டி ஆளயே சாச்சிடும்" என்றார். என் கண்ணெதிரில்தான் வயிற்றில் குத்திக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு ஊசி என்றாலே ஆகாது.

பந்தியில் கடைசி இலை அவருக்கு. உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள். கேசரி வந்தபோது கையை நீட்டித் தடுத்து, "இனிப்பு ஆவாது, சோறு வரட்டும்" என்றார். அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அறுபது எழுபது பேர் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பந்தியில் இடமில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெயவேலு, எழுபது வயதுக்காரர், என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பார்வை வரிசையாகப் போய்க் கடைசி இலையில் நின்றது.

எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. நேராகப் போய், "வில்பிரட்டு, கொஞ்சம் எழுந்திரு" என்றேன்.

"சார், ஊசி போட்டுகினேன் சார்" என்றார் மெதுவாக. பக்கத்து இலைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அடுத்த பந்தில ஒக்காரு. பெரியவங்க நிக்கறாங்க."

ஜெயவேலுப் பெரியப்பா என் தோளைத் தொட்டார். "உக்காந்தவன ஏம்ப்பா எழுப்பற? துன்னட்டும் வுடு. நாங்க நிக்கறோம்" என்றார். பெரிய மனிதர்கள் கோபத்தை அப்படித்தான் காட்டுவார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். 'நாங்கள் நிற்கிறோம்' என்றால் என்ன அர்த்தம்? போன தடவை அத்தை வாய்விட்டுச் சொன்னதை இவர் நாசூக்காகச் சொல்கிறார். இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவது பாவம் என்று எனக்கும் தெரியும். முழங்கையைப் பிடித்து எழுப்பினேன். அந்த இடத்தில் பெரியப்பா உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூணோரம் போய் நின்றுகொண்டார். வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

அடுத்த பந்தியிலும் மாப்பிள்ளை வீட்டாரே நிறைந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வில்பிரட் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆவணி வெயில் என்று நினைத்தேன். "தயிர் சோறு ரெண்டு வாய் பேப்பர்ல மடிச்சிக் குடு சார், வண்டிலயே துன்னுக்கறேன்" என்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கண்ணெதிரில் டிரைவருக்குப் பொட்டலம் கட்டுவதா? "கேளம்பாக்கத்துல போடுவாங்க. சீர்த்தட்டு ஏத்தறாங்க, வண்டிய வுட்டு நகராத" என்று அனுப்பிவிட்டேன். அவர் நகரவில்லை. எதிரிலேயே டீக்கடை இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர்.

சோறு பற்றாமல் போனதா என்று கேட்பீர்கள். இல்லை. சாயந்திரம் இரண்டு அண்டா மிஞ்சியது. மாட்டுக்குப் போட்டோம் என்று சிட்டிபாபு பிறகு சொன்னார்.

பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் நான். பின்னால் ஜெயவேலுப் பெரியப்பா, அவர் சம்சாரம், இன்னும் ஐந்தாறு பேர். எங்களுக்கு நடுவில் இருபத்தோரு சீர்த்தட்டுகள், கண்ணாடிக் காகிதம் சுற்றி. மேடவாக்கம் தாண்டியதும் வில்பிரட்டின் கை ஸ்டியரிங்கில் நடுங்குவதைப் பார்த்தேன். என்னமோ குழறினார். குனிந்து கேட்டேன்.

"அந்தத் தட்டுல கீற கல்கண்டு... ஒரு துண்டு குடு சார்."

இங்கே என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதி, இனிப்பு ஆகாது என்று கேசரியைத் தள்ளியவர், இப்போது கல்கண்டு கேட்கிறார். யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? புளுகு என்றுதான். அந்த வியாதிக்காரருக்கு மயக்கம் வரும்போது சர்க்கரைதான் உயிர் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு ஒரு டாக்டரிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதோடு, சீர்த்தட்டு மாப்பிள்ளையின் அம்மா கைக்குப் போகும் முன் பிரித்தால் அபசகுனம். பிரித்த தட்டைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு வைப்பேன்? "மணி ஆவுது, வேகமா ஓட்டு" என்றேன். வேகமாகத்தான் ஓட்டினார்.

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் வண்டி ஒரு பனைமரத்தில் இடித்துக் கீழே உருண்டது. ஜெயவேலுப் பெரியப்பாவும் அவர் சம்சாரமும் அங்கேயே போய்விட்டார்கள். பின்னாலிருந்த மற்றவர்கள் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார்கள். எனக்கு இடது கை முறிந்தது. வில்பிரட் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார், மூச்சு இருந்தது. கல்கண்டெல்லாம் சிதறி அவர் மடியில் கிடந்தது.

ஒரு நிமிஷம் எனக்குத் தனத்தின் முகம் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கேளம்பாக்கத்தில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இங்கே பிணம். 'எதனால் ஆச்சு' என்று கேட்பார்கள். டிரைவர் வாயைத் திறந்தால், 'பெண்ணின் அண்ணன் சாப்பாடு போடவில்லை, அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர் போனார்' என்று ஆகும். தாலி ஏறி மூன்று மணி நேரம்கூட ஆகாத பெண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். இந்தத் தடவை அம்மா கிணற்றடிக்குப் பின்னாலேயே போனாலும் அவளைக் காக்க முடியாது.

மாப்பிள்ளையின் சிநேகிதர்களுக்காக வாங்கியதில் கால் பாட்டில் பிராந்தி என் பையில் இருந்தது, உடையாமல். அதை வில்பிரட்டின் வாயில் ஊற்றினேன். மயக்கம் தெளியட்டும் என்றுதான் ஊற்றினேன். சட்டையில் பட்டது கொஞ்சம் அதிகம்தான். பாட்டிலை அவர் காலடியில் வைத்தேன். ஒற்றைக் கையால் இதையெல்லாம் எப்படிச் செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

போலீஸ்காரரிடம், "மண்டபத்துலயே வாடை வந்துது சார், நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்று அழுதேன். அழுகை உண்மையான அழுகை. ஆஸ்பத்திரியில் அவருக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள், கண் விழித்தார். ரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வாடையே போதுமென்று எழுதிவிட்டார்கள்.

கோர்ட்டில் அவர் கூண்டிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ஊசி போட்டுகினேன்னு உங்களாண்ட சொன்னேனே சார், சொல்லுங்க சார்" என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் சொன்னது இரண்டு. ஒன்று, குடித்திருந்தார் என்றேன். இரண்டு, முதல் பந்தியிலேயே வயிறாரச் சாப்பிட்டார், நானே நெய் ஊற்றினேன் என்றேன். ஐந்து வருஷம் கொடுத்தார்கள்.

ஹில்டா என்னிடம் வருவது இது நாலாவது தடவை. "என் வூட்டுக்காரர் சிகரெட்டுகூடத் தொட்டதில்ல சார். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசுவதில்லை. முதல் தடவை, தனத்துக்கு வளைகாப்பு முடியட்டும் என்றேன். அடுத்த தடவை, குழந்தைக்கு மொட்டை போடட்டும் என்றேன். மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. ஏதோ ஒரு நியாயமான காரணம்தான்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: போடவில்லை. எழுப்பினேன், பொட்டலம் மறுத்தேன், கல்கண்டு மறுத்தேன். பிராந்தி ஊற்றினேன், பொய்ச் சாட்சி சொன்னேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாயிற்று. மனசு லேசாக இருக்கிறது.

அந்தப் பத்திரத்தை மட்டும் பைக்குள் வையுங்கள் சார். இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். தனத்துக்கு இப்போது ஏழாவது மாதம், இரண்டாவது பிரசவம். இந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒரு சொல் தவறி விழக்கூடாது. கார்த்திகை பிறக்கட்டும், நானே உங்கள் ஆபீஸுக்கு வருகிறேன். திங்கட்கிழமை கேஸ் வருகிறது என்கிறீர்கள். ஜெயிலில் வில்பிரட்டின் கால் அழுகிவிட்டது, வெளியே வந்து வைத்தியம் பார்க்காவிட்டால் இந்த மாதம் தாண்டாது என்கிறீர்கள். டாக்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று ஹில்டாவிடம் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்குக்கூட அந்த மனிதர் இன்னொரு தடவை வாய்விட்டுக் கேட்டிருந்தால், கட்டாயம் போட்டிருப்பேன்.