அண்ணன் விற்ற பலகைக் கதவு

பிறை சூடிய பெருமானை வணங்கித் தொடங்குகிறேன். அன்று வைகாசி வளர்பிறை வெள்ளி. முகூர்த்த நாளாதலால் சேலம் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. முன்னிருக்கையில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“என்ற கதவுதானுங்க அவனுக்குப் பேரு வாங்கித் தருது.”

“தம்பி கடையிலீங்களா?”

“பாட்டன் கடையப் பாதிப்பாதி பிரிச்சோம். நான் ஒவ்வொண்ணாக் கழட்டி வெக்கற அந்தப் பலகைக் கதவப் பழைய மரக்கடையில தள்ளிட்டு ஷட்டர் போட்டேன். அவன் அதையே தேடிப்புடிச்சு மாட்டி, காபி கடையாக்கிட்டான். இன்னிக்குத்தான் திறப்பு விழா, அதுக்குள்ள ஊரே நின்னு போட்டோ எடுக்குது.”

“பொறாமைங்களாண்ணா?”

“எனக்கென்னங்க பொறாமை! கரையான் அரிக்கட்டும், தெரியும்.”

“அப்பறம் திறப்பு விழாவுக்கு எதுக்குங்க போறீங்க?”

“மூத்தவன் கைதான் முதப் பலகையக் கழட்டோணுமாம். ஊட்டுக்கே வந்து கூப்பிட்டான். வையறதுக்குக்கூட வழி வெக்கலீங்க.”

இதைப் படிப்போர் இல்லந்தோறும் உடன்பிறந்தார் ஒன்றி வாழ இறைவன் அருள்க.