மண் பரிசோதனைக் கூடத்தின் பூட்டு அக்கா

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் தையற்கார அண்ணனே, அவர்கள் மகளே, உங்கள் அனைவரின் துக்கத்திலும் பங்குகொண்டு வணங்குகிறேன்.

நம் மண் பரிசோதனைச் சங்கத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்த அக்காவை இழந்து நிற்கிறோம். 'பூட்டு அக்கா' என்று அவருக்குப் பெயர் வைத்தவன், செயலாளராகிய நான்தான். எதற்குப் பணம் கேட்டாலும் பெட்டியைப் பூட்டிக்கொள்கிறாரே என்ற எரிச்சலில் வைத்தது.

அக்கா பொறுப்பேற்ற புதிதில் ஒரு நன்கொடையாளர் எல்லாச் செலவையும் ஏற்றிருந்தார். பரிசோதனை இலவசம். நமக்கென்ன குறை? அந்த நேரத்தில்தான் அக்கா பொதுக்குழுவில் எழுந்தார். சின்னக் கட்டணம் வாங்கி, வங்கியில் போட்டு வைப்போம் என்றார். நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"இல்லாதவங்ககிட்ட போய்க் கை நீட்டச் சொல்றீங்களா? உங்களுக்கு மனசே இல்லையா?"

கைதட்டல் எனக்குத்தான். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, அவர் நாளைக்கு நிறுத்திட்டா, இந்தக் கைதட்டலை வெச்சு ரசாயனம் வாங்க முடியுமா?"

பிறகு வீடு வீடாக நடந்து கட்டணத்துக்குச் சம்மதம் வாங்கினார். முடிந்தவர்கள் கொடுத்தார்கள். முடியாத பதினோரு பேருக்குத் தன் வீட்டுத் தையல் வருமானத்திலிருந்து அவரே கட்டினார். அண்ணன் சொல்லித்தான் போன வாரம் எனக்கே தெரிந்தது.

ஏழாம் ஆண்டு நன்கொடையாளரிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது: இனி இயலாது. நான் அலுவலகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்தார்.

"எழுந்திரிங்க தம்பி. வங்கியில சேத்து வெச்சது மூணு வருஷம் தாங்கும். அதுக்குள்ள வழி பண்ணிடலாம்."

வழி செய்தார். ஒரு நாளாவது நம் கதவு மூடியதா? நான் மன்னிப்புக் கேட்டபோது, "அது கிடக்கட்டும், உங்க வயல் மண்ணுக்கு இன்னும் கட்டணம் வரலையே" என்று சிரித்தார்.

சேமிப்பிலிருந்து எடுத்து அக்கா பெயரில் மண்டபம் கட்டலாம் என்று இன்று காலை சிலர் சொன்னீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் அந்தக் காசோலையில் என் கையெழுத்து விழாது. நானூறு மண் மாதிரிகள் விதைப்புக்கு முன் முடிய வேண்டும். அதைச் செய்யும் மூன்று பெண்களுக்கும் சம்பளம் போக வேண்டும்.

நாம் யாருமே இல்லாத ஒரு காலத்தில், முகம் தெரியாத ஒரு விவசாயி ஒரு பிடி மண்ணோடு இங்கே வருவார். அவரைத் திருப்பி அனுப்பாத அளவுக்கு, அக்கா விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொண்டே போவோம். இது உங்கள் முன் நான் தரும் வாக்கு.