பெண் பார்க்கப் போனவர்

எழுபதுகளில் ஒரு நாள் காலை, பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வழியாகப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பார்வையில்லாத இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் இலவச பாஸை நீட்டினார். பக்கத்திலிருந்த பூக்கார அம்மா விசாரித்தார்.

"தனியா எங்க தம்பி போற?"

"திருமழிசைக்குக்கா. பொண்ணு பாக்கப் போறேன்."

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார். "கூட யாரும் வரலியா?"

"போன மாசம் அண்ணன் இதே பொண்ணப் பாக்க இட்டுக்கினு போனாரு. அவரே பேசி, அவரே முடிவு பண்ணிட்டாரு. அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. அதுக்கு என்னப் புடிச்சிக்கீதா இல்லியான்னு தெரியாம எப்படிக்கா தாலி கட்றது?"

"இப்ப நீ போறது அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இந்த பாஸ் வந்தப்புறம்தான் தனியா கெளம்புற தெகிரியமே வந்துது. பஸ் நிக்கற எடத்துக்கு வரச்சொல்லி, அவங்க தெருவுல கீற சிநேகிதன்கிட்ட சொல்லி அனுப்பினேன். அது வரலன்னா புடிக்கலன்னு அர்த்தம். அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன்."

"வரும் தம்பி," என்றார் அந்த அம்மா. பிறகு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

திருமழிசையில் பஸ் நின்றது. அந்த இளைஞர் கம்பியைப் பிடித்தபடி படியில் கால் வைத்தார். கீழேயிருந்து ஒரு பெண்குரல் மெதுவாகச் சொன்னது.

"கடைசிப் படி ஒசரமா கீது. பாத்து எறங்குங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "யாரு?"

"நாந்தான். வரச் சொன்னீங்களே."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர், ஊதாமல் காத்திருந்தார்.