இன்ஸ்பெக்டர் வீட்டுச் சம்பந்தம்

குடிக்கிறது அவர் இல்லீங்க, அந்த இன்ஸ்பெக்டர். அவர் பேர்ல வர்ற போலீஸ் கதைப் புத்தகத்துல இருக்கற இன்ஸ்பெக்டர். என் வீட்டுக்காரர் டீயையே நல்லா ஆத்தித்தான் குடிப்பாரு. பின்னட்டையில அவர் போட்டோவைப் போட்டாங்க, அதான் வினை. பொண்ணு கேட்டு வந்த இடத்துல நீங்க மோந்து மோந்து பாக்கறீங்க... இல்ல, கவனிச்சேன். தப்பில்ல. பையனைப் பெத்தவங்க.

முன்னெல்லாம் இன்ஸ்பெக்டரும் யோக்கியன்தான். லஞ்சம் கிடையாது, கோவம் கிடையாது. வாசிக்கிறவங்களும் கிடையாது. பதிப்பகத்துக்காரர், உங்க ஹீரோ தூக்க மாத்திரை மாதிரி இருக்காருன்னாரு. அதுக்கப்புறம்தான் பாட்டில் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா. அந்தப் புத்தகம் வந்தப்ப பக்கத்து வீட்டம்மா, 'நீங்க இன்னும் போகலையா'ன்னு என்னைக் கேக்கறாங்க. மொட்டைமாடியில அவர் வேட்டியைத்தான் காயப்போட்டுக்கிட்டிருந்தேன்.

டீ எடுத்துக்கோங்க.

கடைசிப் புத்தகம்தானே உறுத்துது? இன்ஸ்பெக்டரோட மக ஒருத்தனைக் கார்ல இடிச்சுக் கொன்னுட்டு வந்து நிக்கிறா. இன்ஸ்பெக்டர் உடைஞ்ச பம்பரைக் கழட்டிக் குளத்துல போடறாரு. அப்புறம் செத்தவனோட அம்மாகிட்டயே போய் வாக்குமூலம் வாங்கறாரு. இப்படி எழுதற ஆள் வீட்ல பொண்ணு எடுக்கலாமான்னு உங்க தங்கச்சி கேட்டாங்களாமே. தரகர் சொன்னாரு.

என் வீட்டுக்காரரா இருந்தா பொண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. 'குடை எடுத்துக்கோம்மா, தூறுது'ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போற ரகம். அப்படி ஒரு உத்தமர்.

எழுதறது நானுங்க.

எல்லாமே நான்தான். பொம்பளை பேர்ல போலீஸ் கதை விக்காதுன்னாங்க. அவர் பேரையும் மீசையையும் இரவல் வாங்கிக்கிட்டேன். பாட்டில் நான் வச்சது. பம்பரைக் கழட்டினதும் நான்தான். அந்த மகளைப் பிடிச்சுக் குடுக்கற மாதிரியும் எழுதிப் பாத்தேன். பக்கத்து ரூம்ல எம்பொண்ணு ஆபீஸ் கிளம்பத் தலை சீவிக்கிட்டிருந்தா. கிழிச்சுப் போட்டுட்டேன்.

சரி, உங்களைக் கேக்கறேன். உங்க பையன் அப்படி வந்து நின்னா?

பையை ஏன் எடுக்கறீங்க? சும்மா கதைதானே... சரி, போயிட்டு வாங்க. எம்பொண்ணுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. அவளுக்கு உங்க பையனைப் பிடிச்சுப்போச்சு. ஊருக்கெல்லாம் கொலைகாரனைக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன், சொந்த வீட்ல வாயைக் கட்டத் தெரியல.

என்னங்க, வாசல்லயே நின்னுட்டீங்க?

அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணா? அடுத்த புத்தகத்துல மாட்டிக்குவாளான்னா கேக்கறீங்க?

மாட்டக் கூடாதா... செத்தவனுக்கும் ஒரு அம்மா இருக்காளேங்க. அதை வச்சுக்கிட்டுத்தான் நானும் எழுத முடியாம உக்காந்திருக்கேன்.

உள்ள வாங்க சம்பந்தியம்மா. வேற டீ போடறேன்.