கறுத்த கட்டைவிரல்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நம் பிளம்பருடைய அண்ணனுக்கு நடந்தது. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற பிளம்பர், இதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

பொழுது விழுந்து கொஞ்ச நேரம். நீர்த்தேக்கத்தின் கரைமேல் ஒரு சாலை... வீடு இல்லை, விளக்கு இல்லை. அதன் கோடியில் குடிதண்ணீர் சுத்தம் செய்கிற இடம். அங்கே சோதனை அறையில் அண்ணனுக்கு வேலை. அன்று தனியாள்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட வேண்டும். உப்பில் இருக்கிற குளோரைடு துளி கலந்திருந்தாலும் பால்போல வெளுத்துவிடும். முதலில் உப்பே இல்லாத, காய்ச்சி வடித்த தண்ணீரில் பார்ப்பார்கள். அது வெளுக்காமல் நின்றால்தான் குழாய் சுத்தம்.

அவருடைய மச்சினனுக்கும் அங்கேதான் வேலை. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். மருந்தை விட்டதும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பொத்திக் குலுக்குவான். சளக்... சளக்... விரலின் வேர்வை போதாதா? நல்ல தண்ணீரும் வெளுத்துவிடும்.

"ஏன்டா மாப்ளே, தண்ணியப் பாக்குறியா, உன் வேர்வையப் பாக்குறியா?"

"ரெண்டும் ஒரே சம்பளந்தானே மாமா!"

அந்த மருந்து தோலில் பட்டால் அப்போது தெரியாது. வெளிச்சம் பட்டபிறகுதான் கறுக்கும். சோப்புக்கெல்லாம் மசியாது, தோல் உரிந்தால்தான் போகும். அவன் கட்டைவிரல் எப்போதும் கரிதான். அதை வைத்தே அக்காள் மகளின் கன்னத்தை அழுத்தி, "மாமாகூட வர்றியா?" என்பான். ஒன்றரை வயதுக் குழந்தை. "ம்" என்று தாவும். அண்ணன் வீட்டுக்கு அவள் ஒருத்திதான். தவமிருந்து பெற்றது.

இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் அங்கேயே தண்ணீர்த் தொட்டியில் வழுக்கி விழுந்து செத்துப்போனான்.

தனியாக இருந்த அன்று அண்ணன் வடித்த தண்ணீரில் மருந்தை விட்டு, ரப்பர் மூடியால் அடைத்துக் குலுக்கினார். வெளுத்தது. குழாயைக் கழுவினார். மறுபடியும் வெளுத்தது. புதுக் குழாய் எடுத்தார், புது பாட்டில் உடைத்தார்... வெளுத்தது. கடைசியாக ஒன்றில் மருந்தை விட்டு, குலுக்காமல் தாங்கியில் வைத்துவிட்டு, சொட்டிக்கொண்டிருந்த பைப்பை மூடத் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால்... சளக். சளக்.

பாசி நாற்றம். ஈரத்துணி நாற்றம். திரும்பினால் யாருமில்லை. தாங்கியில் அந்தக் குழாய் மட்டும் வெள்ளை வெளேரென்று... உள்ளே தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மேசையில் மருந்து பாட்டில் சாய்ந்து, ஈரம் பரவிக் கிடந்தது. அந்த ஈரத்தில் யாரோ உள்ளங்கையை ஊன்றி எடுத்த தடம்.

அண்ணன் சைக்கிளை எடுத்தார். பாதிச் சாலையில் மிதிக்க முடியவில்லை. காற்று இறங்கிவிட்டதோ என்று பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கிற தைரியம் வரவில்லை. வேறு வழியும் இல்லை. மிதித்தார்.

வீட்டுவாசலில் சைக்கிள் சட்டென்று லேசாகிவிட்டது.

உள்ளே குழந்தை அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ம்" என்றது.

அண்ணன் அவளை வாரி எடுத்துக்கொண்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்தது அவளுடைய தம்பி... எப்படிச் சொல்வார்?

காலையில் வெயிலில் வைத்துக் குளிப்பாட்டும்போது அவள் கூப்பிட்டாள். "என்னங்க, கன்னத்துல இது என்ன அழுக்கு? தேய்க்கத் தேய்க்கக் கறுக்குது."

கட்டைவிரல் ரேகை. அண்ணன் தன் கைகளை விரித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

"தேய்க்காத. உள்ள கொண்டு போ. வெயில் படக்கூடாது."

"வெயில் என்னங்க பண்ணும்?"

ஜன்னல்களைச் சாத்தினார். இடுக்குகளில் துணி அடைத்தார். குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை. என்ன அடைத்தாலும் பகல் பகல்தானே... எங்கிருந்தோ வெளிச்சம் வந்தது.

மத்தியானம் குழந்தையின் மணிக்கட்டில் லேசாகப் பழுப்பு நிறம் தெரிந்தது. பிறகு கறுத்தது. பிறகு தெளிந்தது... நான்கு விரல், சுற்றி வளைத்து, இறுகப் பிடித்தபடி.