கேமராவுக்குப் போட்ட நிழல்

"அந்த கேமராவுக்கு வெயில் ஒத்துக்கலடி. அதனால நாங்க நல்லா இருக்கோம்."

மரக்காணத்திலிருந்து கூனிமேடு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். வெவ்வேறு உப்பளங்களில் வேலை முடித்து வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. புடவைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையில் உப்பு பூத்திருந்தது.

"எந்த கேமராக்கா?" என்றாள் இளையவள்.

"எங்க கம்பெனியில வச்சிருக்காங்க. மூஞ்சியக் காட்டினா அட்டன்டன்ஸ் போடும். வச்ச புதுசுல, உப்பு மேல அடிக்கிற வெயில்ல அதுக்குக் கண்ணு கூசிப்போச்சு. யாரு மூஞ்சியும் தெரியல. ஒருத்தருமே வேலைக்கு வரலன்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல காட்டுது. ஒரே வாரத்துல ஷெட்டு போட்டுட்டாங்க."

"நீங்க எத்தினி வருசமா நிழலு கேட்டீங்க."

"அத்த விடு. இப்ப அங்கதான் குந்தி சோறு துன்றோம். போன வெள்ளிக்கிழமை அதுக்கு மஞ்ச குங்குமம் வச்சேன். கண்ணு மேலயே வச்சுட்டேன். எனக்கே அட்டன்டன்ஸ் உழல."

"சூப்பர்வைசர் திட்டலியா?"

"தொடச்சுட்டு, 'ஓரமா வைம்மா'ன்னாரு. நல்ல மனுசன்."

இளையவள் இறங்குவதற்காகத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க கம்பெனியிலயும் ஒண்ணு வாங்கச் சொல்லணும்க்கா."

"சொல்லு. தாகம் எடுக்கிற மிஷினாப் பார்த்து வாங்கச் சொல்லு. தண்ணியும் வந்துரும்."