சலித்துக் கொடுத்த கடிதங்கள்

எங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினொன்றரை மணிக்குத்தான் வருவார். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு அது தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான், கேட்டில் சைக்கிள் சாய்கிற சத்தத்துக்காக ஒரு மனுஷி காலையிலிருந்து காத்துக்கிடக்க முடியும் என்று புரிந்தது.

நாசர் அண்ணாச்சி, சங்கரிக்கு வந்த கடிதங்கள் எல்லாம் எங்கே என்று நேற்று என் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்திரண்டு வருடம் பாளையங்கோட்டையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் இந்த ஹெப்சிபா. எழுத்தென்றால் எனக்கு ஒழுங்கு வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே முதலிலிருந்து எழுதுகிறேன்.

சங்கரி எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பிள்ளைகள் கழித்துப்போட்ட ரெக்கார்டு நோட்டுகளின் வெற்றுப் பக்கங்களில், அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தே அவள் எழுதியதுதான் ‘ஒன்பதாவது மடை’. அதற்குப் பிழை திருத்தியது நான். சிவப்பு மையில் நான் எழுதியதையெல்லாம் சேர்த்தால் அதுவே தனிப் புத்தகமாகும். முன்னுரையில் எனக்கு ஒரு வரி நன்றி சொல்லியிருக்கிறாள். ஒரு வரி போதும். நான் அதிகம் எதிர்பார்க்கிறவள் அல்ல.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்தாளரின் முகவரியும் வாட்ஸ்அப் எண்ணும் போடுவது உங்கள் பதிப்பக வழக்கம். சங்கரி பயந்தாள். தம்பி வீட்டில் ஒண்டியிருப்பவள், கண்ட ஆம்பளையும் போன் போட்டால் தம்பி சும்மா இருப்பானா என்றாள். நான்தான் சொன்னேன்.

“என் அட்ரசையும் நம்பரையும் போடு ஏட்டி. அறுவது வயசுக்காரிய எவன் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணப்போறான்?”

நீங்களும் சிரித்தீர்கள். அந்த நேரத்தில் என் மனதில் கள்ளம் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கதை என்ன பெரிய கதை. இருநூறு வருடம் கழித்துத் தாமிரபரணி வற்றிவிடுகிறது. மிஞ்சிய தண்ணீரைப் பொதிகை மலைக்குள் ஒன்பது மடை போட்டு அடைத்து, ஓர் எந்திரம் ஆளுக்கொரு கிண்ணம் அளந்து ஊற்றுகிறது. வேணி என்ற பதின்மூன்று வயதுப் பெண் ஒருநாள் ஒன்பதாவது மடையைத் திறந்துவிடுகிறாள். தண்ணீர் காய்ந்த மணலில் இறங்கி ஓடுகிறது. அது கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே மண் குடித்துவிட்டதா, மலைக்குள் இருந்த சனம் என்ன ஆனது, எதையும் சொல்லாமல் முடித்துவிட்டாள். முடிவு இல்லாத முடிவு என்று அப்போதே சொன்னேன். கேட்கவில்லை.

நானும் மூன்று கவிதைத் தொகுப்பு போட்டவள். பதினெட்டு வருடத்தில் அவற்றுக்கு வந்தது ஒரே ஒரு தபாலட்டை. பத்தாம் வகுப்புக் கையேடும் என்னிடம் கிடைக்குமா என்று ஒருவர் விசாரித்திருந்தார். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன.

சங்கரியின் புத்தகம் வந்த இரண்டாவது மாதமே என் போன் ஓயவில்லை. தபால்காரர் என்னைப் பெயர் சொல்லி விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு புத்தகத்துக்கு இத்தனை விதமாகவா சண்டை போடுவார்கள் என்று எனக்கே வியப்பு. வீரவநல்லூரிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர், மடையில் போகிற தண்ணீரின் கனஅடிக் கணக்கு தப்பு என்று நான்கு பக்கம் எழுதினார். ஆண்டவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே என்று ஒரு போதகர் வருத்தப்பட்டார். பேங்க் மேனேஜர் ஒருவருக்கு வேணி கொலைகாரி. கல்லிடைக்குறிச்சி விவசாயிக்கோ அவள் குலசாமி. தண்ணியைப் பூட்டி வைக்கிறவன் விளங்குவானா என்று கேட்டிருந்தார். சுஜின் என்ற கல்லூரிப் பையன் பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து, அம்பாசமுத்திரத்தில் இறங்க மறந்து, பாபநாசம் வரைக்கும் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து முடித்தானாம். முடித்ததும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தானாம்.

முதல் வாரம் எல்லாவற்றையும் சங்கரியிடம் கொடுத்தேன். அவள் ஒன்றைப் படித்துச் சிரித்தாள், அடுத்ததைப் படித்து அன்றைக்குச் சோறு தின்னவில்லை. கடைசியில் கடிதக் கட்டை என் மடியில் வைத்துவிட்டாள்.

“என்னால தாங்க முடியல டீச்சர். நீங்களே சலிச்சு, எனக்கு எது வேணுமோ அதை மட்டும் குடுங்க.”

அண்ணாச்சி, சல்லடையை என் கையில் தந்தது அவள்தான். எழுத்தாளருக்கு எது வேண்டும்? புகழ் கெடுக்கும், குறை வளர்க்கும். வகுப்பில் நான் சொல்லாத நாளில்லை. ஆகவே குறைகளைக் கொடுத்தேன். பாராட்டுகளைப் பீரோவில் வைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்ததில் வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். சில கடிதங்களில் இரண்டும் கலந்திருந்தன. அவற்றை மட்டும் கத்தரிக்கோலால் பிரிக்க வேண்டியிருந்தது.

பொறாமை என்ற சொல்லை நேற்று நீங்கள் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. காலையில் எரியும், பதினொன்றரைக்கு இன்னும் எரியும். ‘அம்மா, உங்கள் எழுத்து’ என்று தொடங்குகிற ஒவ்வொரு கடிதத்தையும் என் வீட்டுக் கேட்டில், என் கையால் வாங்கி, என் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். அந்த ஒரு நிமிடம் அது யாருக்கு வந்தது என்று கேட்டால் என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது.

பத்தமடையிலிருந்து ஆபிதா பீவி என்ற அம்மா எழுதியதைத்தான் பலமுறை படித்தேன். அவருக்கும் மகள் அஸீலாவுக்கும் கல்யாண விஷயத்தில் மனஸ்தாபம். ஒரே வீட்டில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைத் தாயும் எடுத்துப் படித்திருக்கிறார். ‘அந்தப் புள்ள செஞ்சது தப்புன்னு நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன். அஸீலா அடுப்படியில இருந்து இல்லேன்னா. அன்னையிலேர்ந்து தெனமும் வேணிக்காகச் சண்டை போடுதோம். சண்டைதான். இருந்தாலும் பேசுதோம். யார் சொல்லுதது சரின்னு நீங்க ஒரு வரி எழுதணும்’ என்று முடித்திருந்தார்.

நான் ஒரு வரி எழுதினேன். இருவரும் சரி, இரண்டாம் பாகம் வரும்வரை சண்டையை நிறுத்தாதீர்கள் என்று எழுதி, சங்கரி என்று கையெழுத்திட்டேன். பதில் வராமல் ஒரு தாய் ஏமாறக் கூடாதல்லவா. அதன்பிறகு மற்றவர்களுக்கும் எழுதினேன். நல்ல பதில்கள் அவை.

சங்கரி சோர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அதுதான் நடக்கவில்லை. குறைகளை வாங்கிக்கொண்டு போய் இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த இன்ஜினியர் சொல்லுதது சரிதான் டீச்சர். கணக்க மாத்திட்டேன்” என்பாள். “அந்த மேனேஜர் கேட்டதுக்கும் பதில் வச்சிருக்கேன், பைய வருது பாருங்க.”

தண்ணீர் எங்கே போனது, மலைக்குள் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று ஏழு நோட்டு நிறைந்துவிட்டது. ஏழையும் என்னிடம்தான் திருத்தக் கொடுத்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். மூன்று நோட்டு வரைக்கும் பேனாவை எடுக்கவே மறந்துவிட்டேன். முதல் பாகத்தைவிட அது நன்றாக இருந்தது. அன்றைக்கு நான் ஜெபம் பண்ணவில்லை.

அதற்கடுத்த வாரம் அம்பாசமுத்திரம் முத்திரை குத்திய ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. பேச்சித்தாய் என்று ஒரு தாய் எழுதியிருந்தாள். அவளுடைய மகள் தங்கப்பேச்சி இந்தப் புத்தகத்தை வாய் ஓயாமல் வாசிப்பாளாம். ‘நானும் வேணி’ என்று சொல்லிக்கொண்டு, தண்ணீர் பெருகிக் கிடந்த ஒருநாள் வாய்க்கால் மடைப் பலகையை ஏறி இழுத்திருக்கிறாள். பலகை வந்துவிட்டது, பிள்ளையையும் தண்ணீர் இழுத்துவிட்டது. ‘நீங்க நல்லாருங்கம்மா. இனி எழுதாதிய’ என்று கடைசி வரி.

சங்கரி அதை ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள்.  பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளோடு பாபநாசம் போனேன். பாவம் தொலைய வேண்டும் என்று சனங்கள் குளித்து, உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிற படித்துறை. அவள் துணியை விடவில்லை. ஏழு நோட்டையும் ஒவ்வொன்றாக விட்டாள். மை கரைந்து, கொஞ்ச தூரம் தண்ணீர் நீலமாக ஓடியது. அவளுடைய பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர்,” என்றாள், ஈரக் கையோடு. “இத்தன கடுதாசியில ஒரு ஆளுக்காவது இந்தப் புஸ்தகம் புடிச்சிருந்துச்சா? ஒரே ஒரு ஆளு போதும்.”

என் கைப்பைக்குள் ஆபிதா பீவியின் கடிதம் இருந்தது. அதை எங்கே போனாலும் கொண்டுபோவது என் வழக்கமாகியிருந்தது.

“தேடிப் பாக்கேன்” என்றேன்.

இரண்டு வருடமாக ஒவ்வோர் அமாவாசைக்கும் அவள் அந்தப் பிள்ளைக்காகப் பாபநாசத்தில் விளக்குப் போடுகிறாள். துணைக்கு நான் போகிறேன். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் பதிப்புக்காக அம்பாசமுத்திரத்தில் கூட்டம் வைத்து, வரமாட்டேன் என்றவளைப் பிடிவாதமாகக் கூட்டிப்போனீர்கள். ஆபிதா பீவி மகளையும் அழைத்துக்கொண்டு வந்து, உங்க கடுதாசியாலதான் நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிட்டிருக்கோம் என்று எல்லார் முன்னாலும் என் பதிலை நீட்டியிருக்கிறார். சங்கரிக்கு என் கையெழுத்து தெரியாதா. பார்த்துவிட்டு, “ஆமாம்மா, நான் எழுதுனதுதான்” என்று சொன்னாளாம். இத்தனை விஷயத்திலும் வாய்கூசாமல் பொய் சொன்னவள் அவள்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் எனக்கு மொத்தம் எத்தனை கடிதம் வந்தது அண்ணாச்சி என்று அவள் உங்களைக் கேட்க, நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு. பீரோவின் கீழ்த்தட்டில், மூன்று சோப்புப் பெட்டிகளில், தேதிவாரியாக இருக்கின்றன. எடுத்துப் போகலாம்.

அவற்றில் பேச்சித்தாயின் கடிதம் இருக்காது. அது சங்கரியிடம் இருக்கிறது; சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பேச்சித்தாய் என்று யாரும் இல்லை. தங்கப்பேச்சியும் இல்லை. இல்லாத பிள்ளை எப்படிச் சாகும். ஆகவே யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. என் கையெழுத்து தெரியாமல் இடது கையால் அதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. ஒரு தமிழாசிரியை வேண்டுமென்றே பிழையோடு எழுதுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியாது. தபாலில் போடுவதற்காகவே அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறிப் போய் வந்தேன்.

சங்கரியிடம் இதை நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் அந்தக் கடிதத்தை அவள் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் நகல் இல்லை. நான் எழுதியதைப் படித்து ஒருவர் அழுதது அது ஒன்றுக்குத்தான்.